கண்ணளவு விதி

ஹேமநாத் ஆடக் கூப்பிட்டதைத் தணிகைவேல் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தான். நான்காவது வாரம் அவனே போன் செய்து, "காணிப்பாக்கத்துக்குப் பார்ட்டி ஏத்திக்கினு வரேன். அவுங்க சாமி பாத்து முடிக்க மூணு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள ஒரு ஆட்டம் போட்றலாம்டா" என்றான். காணிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் சித்தூரில் இருந்த ஹேமநாத்துக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருடம் கழித்து நண்பன் ஆட வருகிறான் அல்லவா.

ஆட்டம் என்றால் சீட்டோ கேரமோ இல்லை. விரல் உயரச் சிப்பாய்ப் பொம்மைகளை மேசை மேல் அணிவகுத்து, பகடை உருட்டி, அங்குலக் கணக்கில் டேப்பால் அளந்து படையை நகர்த்தும் போர் ஆட்டம். வளர்ந்த ஆண்பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடுவதா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். திருப்பதியில் பாலிடெக்னிக் படித்த மூன்று வருடமும் இருவரும் இதே பைத்தியமாகக் கிடந்தார்கள். ஒரு சீனியர் விட்டுப்போன ஜெராக்ஸ் விதிப்புத்தகம், அலிபிரி பொம்மைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சிப்பாய்கள், விடுதிக் கட்டிலுக்கு அடியில் ஒரு பலகை. அவ்வளவுதான் முதல். பிறகு ஹேமநாத் சித்தூரில் கல்லூரி வாத்தியார் ஆனான். தணிகைவேல் திருப்பதியிலேயே தங்கி, பக்தர்களை மலைக்கு ஏற்றிச் செல்லும் வேனுக்கு டிரைவர் ஆனான்.

அந்தப் பழைய விதிப்புத்தகத்தில் பீரங்கிக்கு ஒரு விதி இருந்தது. சுடுவதற்கு முன் தூரத்தை வாயால் சொல்லிவிட வேண்டும். பிறகுதான் டேப்பை வைக்க வேண்டும். சொன்ன தூரத்தில் எவன் நிற்கிறானோ அவன் தலையில் குண்டு விழும், சொந்த ஆளாக இருந்தாலும் சரி. இவர்கள் அதற்குக் கண்ணளவு என்று பெயர் வைத்திருந்தார்கள். தணிகைவேல் நகரியில் தறி வீட்டில் பிறந்தவன். துணியைப் பார்த்தே நீளம் சொல்கிற குடும்பம். அவன் "பதினேழே கால்" என்றால் டேப்பும் பதினேழே கால் என்றுதான் சொல்லும். விடுதியில் வேறு அறைப் பையன்கள் அவன் பீரங்கி சுடுவதைப் பார்ப்பதற்காகவே வந்து நிற்பார்கள். அவன் வாழ்க்கையில் பத்துப் பேர் கைதட்டிய காரியம் அது ஒன்றுதான்.

இப்போது அவனுக்கு இடது கண் தெரியாது. ஏழு மாதமாக வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தட்டும். சர்க்கரை. உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது, இனி அந்தக் கண்ணை நம்பாதே என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவன் மனைவி துர்காதேவியிடம்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் அன்றோடு ஸ்டீயரிங்கை விட வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் அதை விட்டுவிட்டு வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மலைப்பாதைத் திருப்பங்கள் கைக்கு மனப்பாடம். முன்னால் போகும் வண்டி எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதுதான் பிடிபடவில்லை. அதற்கு ஒரு வழி செய்துகொண்டான். எல்லா வண்டிக்கும் இரண்டு பங்கு இடம் விட்டு ஓட்டினான். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளத் துணிந்தவனுக்கு ஊரில் யார் உதவியும் தேவைப்படுவதில்லை. இப்படியே ஓட்டிவிடலாம் என்று அவன் நம்பத் தொடங்கியிருந்தான்.

ஆட வா என்று ஹேமநாத் கூப்பிட்டபோதெல்லாம் அவன் நழுவியதற்குக் காரணம் கண்ணளவுதான். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் நான்காவது வாரம் ஹேமநாத் புது விதிப்புத்தகத்தை வாட்ஸப்பில் அனுப்பினான். சவாரிக்குக் காத்திருந்த நேரத்தில் தணிகைவேல் பீரங்கிப் பக்கத்தைத்தான் முதலில் தேடினான். யூகிக்கிற வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் எதையும் அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. உடனே போன் செய்துவிட்டான்.

ஹேமநாத் மாடி அறையில் பெரிய மேசை போட்டிருந்தான். மெஷினில் அச்சடித்த புதுப் பொம்மைகள், சிவப்புச் சட்டை ஒரு பக்கம், நீலச் சட்டை ஒரு பக்கம். பழைய விதியில் ஒருவன் படை முழுவதையும் நகர்த்தி முடிக்கும்வரை மற்றவன் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். புது விதியில் பைக்குள் கைவிட்டு ஒரு வில்லை எடுக்க வேண்டும். எந்த நிறம் வருகிறதோ அந்தப் படையில் ஓர் அணி நகரும். அடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. முக்கால் மணி நேரம் தணிகைவேலுக்குப் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. ஒவ்வொன்றையும் டேப்பால் அளந்து அளந்து நகர்த்தினான். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான். அந்த ஏழு மாதத்தில் அவன் பயமில்லாமல் இருந்த நேரம் அவ்வளவுதான்.

பீரங்கியின் முறை வந்தது. டேப்பை எடுக்கப் போனவன் கையை ஹேமநாத் தடுத்தான்.

"அத வெய்யி. உன் பீரங்கிக்கு மட்டும் கண்ணளவு."

"புது விதில அது இல்லியேடா."

"நான் சேத்துட்டேன்." அச்சடித்த தாளின் அடியில் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்ததைக் காட்டினான். "அத எடுத்தவனுக்கு உன்னத் தெரியாது. உங்கிட்ட இருந்து அதையும் புடுங்கினா ஆட்டத்துல இன்னா இருக்குது?"

"வாணாம்டா. புதுசு ஆடத்தான் வந்தேன், புதுசே ஆடலாம்."

"சும்மா பிகு பண்ணாத. சொல்லு."

ஹேமநாத்தின் முகத்தில் அவ்வளவு ஆசை. தணிகைவேல் மேசையைப் பார்த்தான். நீலச் சட்டைகள் படத்தில் ஒட்டியது மாதிரி தெரிந்தார்கள். எது முன்னால், எது பின்னால் என்றே பிடிபடவில்லை.

"பதினாலு" என்றான்.

ஹேமநாத் டேப்பை வைத்தான். பதினாலாவது அங்குலத்தில் தணிகைவேலின் சொந்தச் சிப்பாய்கள் நின்றிருந்தார்கள். எதிரி இருந்தது இருபத்தொன்றில். ஹேமநாத் வாய்விட்டுச் சிரித்து நான்கு சிவப்புச் சட்டைகளை மேசையிலிருந்து எடுத்தான். அடுத்த முறை தணிகைவேல் முப்பது என்றான். குண்டு எதிரியைத் தாண்டி மேசைக்கு வெளியே போனது. இந்த முறை ஹேமநாத் சிரிக்கவில்லை.

"எனக்கு விட்டுக் குடுக்கிறியா? நான் இன்னா சின்னப் பையனா?"

"இல்லடா. பழக்கம் உட்டுப்போச்சி."

ஹேமநாத் பகடையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். தணிகைவேல் கை நீட்டினான். அவன் விரல்கள் பகடைக்கு இரண்டு அங்குலம் முன்பே மூடிக்கொண்டன. வெறுங்காற்றைக் கிள்ளிவிட்டுக் கை நின்றது. ஹேமநாத் கையை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தான். பிறகு மெதுவாக இன்னொரு கையால் தணிகைவேலின் வலது கண்ணை மூடினான்.

"இப்ப இன்னா தெரியுது?"

"வெளிச்சம் மட்டும்தான்டா" என்றான் தணிகைவேல்.

"எத்தினி நாளாடா?"

"ஏழு மாசம்."

"துர்காதேவிக்கு?"

"யாருக்கும் தெரியாது. சுகருடா. ஆஸ்பத்திரில கைய விரிச்சிட்டாங்க."

ஹேமநாத் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. நண்பனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற துக்கம்தான் முதலில் வந்தது. காணிப்பாக்கத்தில் காத்திருக்கும் ஆட்கள் அவன் நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"எத்தினி பேர ஏத்திக்கினு வந்த?"

"பன்னண்டு பேரு."

"நீ ஓட்டக் கூடாது. ஓனருக்குப் போன் பண்ணு. வேற டிரைவர் வரட்டும்."

"இந்த ஒரு ட்ரிப்பு மட்டும் உடுடா. மெதுவா போறேன். திருப்பதி போய்ச் சேந்ததும் நானே சொல்லிட்றேன். இங்க நடுவுல வண்டிய நிறுத்தினா மானம் பூடும். ஒரு தடவ கூட உரசினது இல்ல, ஒரு கோடு விழுந்தது இல்ல."

அவன் கெஞ்சியதை ஹேமநாத்தால் தாங்க முடியவில்லை. சரி என்று சொல்லிவிடுவான் போலத்தான் இருந்தது. அந்த மாதிரிக் குரலை அந்த வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. "மெதுவாப் போவியா?" என்றுகூடக் கேட்டுவிட்டான். அப்புறம்தான் அவன் முகம் மாறியது.

"போன மாசம் எங்கள மலைக்கு இட்டுக்கினு போனியே."

தணிகைவேல் தலையைக் குனிந்தான். ஹேமநாத்தும் மனைவி ரோஹிணியும் மகள் தரணியும் அன்று அவன் வேனில்தான் போயிருந்தார்கள்.

"ரோஹிணி பின்னால உக்காந்தா. தரணிய முன்னால உக்கார வெச்ச. மாமா பக்கத்துல உக்காருன்னு நீதான் சொன்ன. இடது பக்கம்." ஹேமநாத் குரலை உயர்த்தவே இல்லை. "அப்பவும் தெரியுமா உனக்கு?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அப்போது கொஞ்சம் தெரிந்தது, போன வாரம்தான் முழுக்கப் போயிற்று என்று சொன்னால் ஹேமநாத் நம்பியிருப்பான். நம்ப வேண்டும் என்று அவன் தவித்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது. ஏழு மாதமாகப் பொய் சொல்லிச் சொல்லித் தணிகைவேல் ஓய்ந்துபோயிருந்தான்.

"தெரியும்" என்றான்.

ஹேமநாத் எழுந்து கையை நீட்டினான். தணிகைவேல் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து அதில் வைத்தான். ஹேமநாத் சாவியோடு படியிறங்கிப் போய்விட்டான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தணிகைவேலுக்குத் தோன்றியது. மேசையில் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. இனி இந்த மாடிக்கு அவனை யாரும் கூப்பிடப் போவதில்லை.

கீழே ஹேமநாத் தன் மகளைக் கூப்பிடுவது கேட்டது.

"தரணி."

"இன்னா நைனா?"

காலடிச் சத்தம் ஓடி வந்தது.

"இன்னா நைனா, எதுக்குக் கூப்ட?"

"ஒண்ணுமில்ல. இங்க வந்து உக்காரு."

தணிகைவேல் போனை எடுத்து முகத்துக்கு அருகே பிடித்து ஓனர் ரங்கையாவின் நம்பரைத் தேடினான். அவர் எடுத்து, பார்ட்டி கிளம்பியாச்சா என்று தெலுங்கில் கேட்டார். வேறு டிரைவரை அனுப்புங்கள் என்று தெலுங்கிலேயே சொன்னான். ஏன், உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்டார். அவன் இல்லை என்றான். பிறகு ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னான்.