கூரைக்குப் பன்னிரண்டு பேனல்

பட்டறைக்காரரை எல்லோரும் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு நெட்டை. வண்டிக்கு அடியில் படுத்தால் பாதிக் கால் வெளியே கிடக்கும். அன்றைக்கு அவர் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கூரையை அளந்துவிட்டு ஏணியில் இறங்கி வந்தார் சோலார் என்ஜினியர்.

“இருபது பேனல் வேணும். உங்க கூரைல பன்னிரண்டுக்கு மேல இடமில்லை.”

பகலில் மூன்று மணி நேரம் கரண்ட் போய்விடுகிறது. வண்டியைத் தூக்கும் லிப்டு ஏறாது, வேலை கிடந்துவிடும். பள்ளிக்கூடத்து வேன்கள் மூன்றையும் நம்பித்தான் பட்டறையே ஓடுகிறது. போன வாரம்தான் பள்ளிக்கூடத்து மேனேஜரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “காலைல விட்ட வேன் சாயங்காலம் பிள்ளைங்களை ஏத்தணும். இன்னொரு தடவை நின்னுச்சுன்னா வேற பட்டறை பாத்துக்கறேன்.”

“எது சார் இவ்வளவு கரண்ட்டைத் தின்னுது?”

ஒரு வாரமாக மாட்டியிருந்த மீட்டரைப் பார்த்து என்ஜினியர் சொன்னார்: “காத்தடிக்கிற கம்ப்ரஸர்தான். தினம் அஞ்சு மணி நேரம் ஓடுது.”

அவர் போனதும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெயிண்ட் அடிக்கிற மச்சினன், கொக்கியின் மனைவிக்குத் தம்பி, ஆறுதல் சொன்னான்: “மிச்ச எட்டு பேனலை என் தலையில கட்டிருங்க மாமா. வெயில்ல சும்மாதானே நிக்கிறேன்.”

“உன் தலையில கட்டினா அதுவும் வேலை செய்யாது மாப்ள.”

முதல் வாய் உள்ளே போவதற்குள் மூலையில் கம்ப்ரஸர் டுகுடுகுவென்று தானாக எழுந்து ஓடியது.

“யாருடா காத்து பிடிக்கிறது?”

“ரெண்டு பேரும் சோத்துல கை வச்சிருக்கோம். பேய்தான் பிடிக்கணும்.”

தினமும் கேட்கிற சத்தம்தான். பத்து வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது மரத்திருந்தது. யாரும் பிடிக்காமலே காற்று எங்கேயோ போகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கொக்கி அப்படியே எழுந்தார். பஞ்சர் பார்க்கிற வாளியில் சோப்பைக் கரைத்து, சுவரோரம் ஓடும் காற்றுக்குழாய் முழுக்கத் துணியால் தடவிக்கொண்டே போனார். முதல் இணைப்பிலேயே நுரை பொங்கியது. அடுத்ததிலும் பொங்கியது. எண்ணிப் பார்த்தால் பதினாலு இடம்! அடுத்தவன் டயரில் ஊசிமுனை ஓட்டையையும் கண்டுபிடிக்கிற மனுஷன், தன் குழாயை ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

“வெளிய சொல்லிராத மாப்ள. மானம் போயிரும்.”

“அது பதினாலு ஓட்டை வழியா எப்பவோ போயிருச்சு மாமா.”

வாஷர், கிளாம்பு, இரண்டு புதுக் குழாய் என்று மறுநாள் பூராவும் அதே வேலைதான். அடுத்த வாரம் வந்த என்ஜினியர் மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கம்ப்ரஸர் தினம் ஒன்றரை மணி நேரம்தான் ஓடியதாகக் காட்டியது.

“என்ன செஞ்சீங்க?”

“பஞ்சர் ஒட்டினோம்.”

“சரி, லிப்டும் வெல்டிங்கும் ஒரே நேரத்துல ஓடுமா? ஓடினா பன்னிரண்டு பேனல் தாங்காது.”

“லிப்டு பட்டனை அழுத்திக்கிட்டே வெல்டிங் பிடிக்க எனக்கென்ன நாலு கையா?”

என்ஜினியர் சிரித்துக்கொண்டே காகிதத்தில் இருபதை அடித்தார். “பன்னிரண்டு போதும். கூட பேட்டரி வச்சுருவோம்.”

பேனல் ஏறிய மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்து வேன் பிரேக் வேலைக்கு வந்தது. பதினொரு மணிக்குத் தெருவே அடங்கியது. பக்கத்து லேத் நின்றது, எதிர்க்கடை மின்விசிறி நின்றது. கொக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். வேன் நிதானமாக மேலே ஏறியது. மச்சினன் அடித்த விசிலில் லேத்துக்காரர் வாசலுக்கே ஓடி வந்துவிட்டார்.

மூன்று மணிக்கு மேனேஜரம்மா சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். வேன் கழுவித் துடைத்து வாசலில் நின்றது.

“ரெண்டு மணி வரைக்கும் தெருவுல எங்கயும் கரண்ட் இல்லையே! எப்படி முடிச்சீங்க?”

கொக்கி விரலால் கூரையைக் காட்டினார். அந்தம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் மேலே பார்த்தார்.

“நாளைக்கு ரெண்டாவதை அனுப்பறேன். மறுநாள் மூணாவது.”

வேன் ஹாரன் அடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் பக்கம் திரும்பியது. கொக்கி நடுத்தெருவில், கிரீஸ் கையை இடுப்பில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டது போலிருந்தது அவருக்கு.