சனிக்கிழமை சாசேஜ்

ஒரு சாசேஜ் வாங்க லெஷெக்குக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், விஷயம் சாசேஜில் இல்லை என்பது அவன் மனைவி யாத்விகாவுக்குப் புரியாதா? சிகாகோவின் அந்தத் தெருமுனைப் போலந்துக்காரர் கடைக்கு இந்த வாரம் அவளே கிளம்பினாள், உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு. சண்டைக்குப் போனாலும் லட்சணமாகப் போக வேண்டுமே.

கல்லாவில் நின்ற வியோலெத்தாவுக்கு இன்னும் இடுப்பு இருந்தது. யாத்விகாவுக்கு வயிறு எரிந்தது.

"பியரோகி எப்படி?" என்றாள், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கொழுக்கட்டைகளை அலட்சியமாகக் காட்டி.

"அத ஏன்க்கா கேக்குறீங்க! லெஷெக்னு ஒருத்தர் வருவார். ஒண்ண வாயில போட்டுட்டு, 'என் யாத்விகா செஞ்சா வெண்ணெயா கரையும், இது செருப்புத் தோலு'ன்னு ஒரு மணி நேரம் பிரசங்கம். யாருக்கா அந்த மகராசி? எனக்கே பொறாமையா இருக்கு."

கல்யாணமான நாளாக வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அவன் கேட்டதெல்லாம் "உப்பு எங்க?" மட்டும்தான். நல்ல வார்த்தை அத்தனையையும் இவள் காதில் கொட்டியிருக்கிறான். வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

"வெண்ணெயான்னா சொன்னார்?" என்று மெதுவாகக் கேட்டாள். "இன்னொரு தடவை சொல்லும்மா. அவர் சொன்ன மாதிரியே."