பித்தளை மூக்கு

இரண்டாவது ஸ்க்ரூவை இறுக்கும்போது செல்வினின் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவி, பித்தளைக் குழாயில் மோதி, டங்கென்று ஒலித்தது. மாதா கோயில் மணிக்கே கொஞ்சம் பொறாமை வந்திருக்கும். உள்ளே கட்டிலில் கிடந்த அண்ணன் லூர்து பிரகாஷுக்கும் அது கேட்டிருக்கும். காது கொடுப்பது ஒன்றுதான் அவனுக்கு மிச்சமிருந்த வேலை.

அது கிராமபோன் குழாய். காரைக்குடியில் பழைய சாமான் கடையிலிருந்து பிரகாஷ் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது, வீட்டில் பாட்டு வைக்கத்தான் வாங்கியிருக்கிறான் என்று அவன் மனைவி மரிய அனிதா நினைத்தாள். அவன் நேரே போய்க் காரின் பானெட்டைத் திறந்தான். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிக் கொல்லையில் வீசிவிட்டு இதை மாட்டினான். பானெட்டில் ஓட்டை போட்டு வெளியே விட்ட அதன் வாய், பூசணிப்பூ மாதிரி விரிந்து நின்றது. தெரு அந்த வண்டிக்குப் பித்தளை மூக்கு என்று பேர் வைத்தது.

பிரகாஷ் கணக்கு வாத்தியார். அவன் சரியாகச் சொன்னது கணக்கு ஒன்றைத்தான். கீழச்சிவல்பட்டி ரோட்டில் அந்த வண்டி இழுத்த இழுப்பில் ஒரு கோழி குழாய்க்குள் போய், சைலன்சர் வழியாக வெளியே வந்து, உதறிக்கொண்டு நடந்து போனது என்பான். அன்றிலிருந்து அது அவித்த முட்டையாகத்தான் போடுகிறதாம். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் அந்தக் கோழி விலைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தாள்.

குழாயை மாட்டிய நாளிலிருந்து வண்டி ஓடியதே இல்லை என்பது வீட்டுக்கும் தெருவுக்கும் தெரியும்.

செல்வின் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். காரணம் அவனுக்குத் தெரியும். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும். அதற்குத் தக்கபடிதான் எஞ்சினுக்குப் பெட்ரோல் வரும். காற்று நேராக வந்தால் சென்சாருக்குக் குழப்பமில்லை. கிராமபோன் குழாயில் அது திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. சென்சார் குறைத்துச் சொன்னது. எஞ்சின் பட்டினியில் இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கியது.

மதுரை ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வந்து படுத்ததும் பிரகாஷ் தம்பியைக் கூப்பிட்டான்.

"அந்தக் கொழாயோட வண்டிய ஓட வையிடா. ஒரு தடவ அரியக்குடி வரைக்கும் ஒக்காந்து போயிட்டு வந்துர்றேன். பொய்யாச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. ஒண்ணாச்சும் நடந்ததா இருக்கட்டும்."

அதற்காகத்தான் இன்று காலையில் குழாயின் கழுத்தில் துளை போட்டு, சென்சாரை அங்கே மாற்றிப் பொருத்திக்கொண்டிருந்தான் செல்வின். அனிதா வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, ஆச்சான்னு ஒங்கண்ணன் கேக்குறாக."

"சாவி போடப் போறேன் மதினி."

"வெரசாப் போடுங்க. மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. கடைசிப் பூசுதல் குடுக்க மாதா கோயில் சாமியாருக்குச் சொல்லிவிட்ருக்கேன்."

வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கியது. எதிர்வீட்டு சேவுகப்பெருமாள் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"அதுல ஒரு பாட்ட வச்சிருந்தாலும் தெருவே கேட்ருக்கும்லப்பா."

செல்வின் நிமிரவில்லை. அவர் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார்.

செல்வின் கொல்லைக்குப் போய்ப் பழைய பிளாஸ்டிக் குழாயை எடுத்துத் தூசி தட்டினான். பித்தளையைக் கழற்றி, அதை மாட்டி, சென்சாரை அதன் பழைய இடத்தில் வைத்தான். வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. ஓட விட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"அண்ணே, ஓடுது. கேக்குதா?"

பிரகாஷ் கண்ணை மூடியபடி கேட்டான்.

"ஆரு வண்டிடா அது?"

"நம்ம வண்டிதாண்ணே."

"கொழா எங்க?"

செல்வின் கட்டில் காலைப் பார்த்தான்.

"ஒனக்குப் பொய் வரலடா," என்றான் பிரகாஷ். "பழக்கமில்ல. போயித் திருப்பி மாட்டு."

"எந்தக் கொழாயா இருந்தா என்னங்க," என்றாள் அனிதா. "ரெண்டு பேருமாத் தூக்கி ஒக்கார வைக்கிறோம். போயிட்டு வந்துருங்க."

அவன் தலை தலையணையில் இப்படியும் அப்படியும் அசைந்தது. "மாட்டிட்டுக் கூப்புடு. நான் எங்க போகப் போறேன்."

வண்டி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே தூக்கி உட்கார வைத்திருக்கலாம். செல்வின் போய் அதை அணைத்தான்.

ஒரு வழி இருந்தது. பிளாஸ்டிக் குழாயில் சென்சார் இருக்கும் நேரான பகுதியை மட்டும் வெட்டி, பித்தளைக்கும் எஞ்சினுக்கும் நடுவே கொடுத்தால், காற்று கொஞ்சம் நேராகி வரும். வெட்டிவிட்டால் பழைய குழாய் இனி எதற்கும் ஆகாது. ஆக்ஸா பிளேடை எடுத்து வெட்டினான். பித்தளைக் கழுத்தோடு அது சேரவில்லை. சைக்கிள் டியூபைச் சுற்றினான். சாமியாரின் பைக் வந்து நின்றது. அவர் உள்ளே போனார். ஜெபம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

அனிதா வாசலில் நின்றாள்.

"தம்பி, கையக் கழுவிட்டு வாங்க."

"ஒரே ஒரு க்ளாம்பு மதினி."

"கழுவிட்டு வாங்க."

அவன் சோப்புப் போட்டுக் கழுவினான். கறுப்பு போகவில்லை. மறுபடியும் போட்டான்.

மத்தியானம் ஐஸ் பெட்டி வந்தது. கேட்டை மறித்துக்கொண்டு கார் நின்றது. வெள்ளை வேட்டிக்கு மாறியிருந்த சேவுகப்பெருமாள் தயங்கித் தயங்கி வந்தார்.

"செல்வினு, வண்டிய செத்த எடுக்கணும்ப்பா. பொட்டி உள்ள போகணும்."

செல்வின் அந்தக் கடைசி க்ளாம்பை முடுக்கினான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வண்டி இரண்டு இருமல் இருமியது. மறுபடியும் திருப்பினான். மூன்றாவது தடவை ஒன்றுமே இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் கை வைத்தார்கள். கார் நகர்ந்தது. கேட்டைத் தாண்டியது. பெட்டி உள்ளே போக இடம் கிடைத்துவிட்டது.

"போதும்ப்பா, பிரேக்கப் போடு," என்றார் சேவுகப்பெருமாள்.

செல்வின் ஸ்டியரிங்கை அரியக்குடிப் பக்கம் நேராகப் பிடித்திருந்தான். கால் பிரேக் பக்கம் போகவில்லை. சாவு வீட்டு வண்டியிலிருந்து முதலில் கையெடுப்பது யார் என்று தள்ளியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்த கால்கள், கொதிக்கும் தார் ரோட்டில் சப்சப்பென்று காருக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தன.