நூற்றுக்கு ஒன்பது

தையல்கார அக்கா கை கழுவி முடிக்கும்வரை நான் கதவோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு, ஒன்றையும் விடவில்லை. முழுசாக இரண்டு நிமிடம்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. வயிற்றில் வைத்த குழாய் வழியாக, நாளைக்கு நாலு தடவை பழைய மருந்துநீரை வெளியே எடுத்துப் புதியதை உள்ளே விடும் டயாலிசிஸை வீட்டிலேயே ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. பழக்கிவிட்டது ஆஸ்பத்திரி நர்ஸான நான். குழாயில் கிருமி ஏறி வயிற்றுக்குள் தொற்று வந்தால், குழாயையே எடுக்கும்படி ஆகலாம். பிறகு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் கிடக்க வேண்டும். முன்னறைத் தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட வேண்டியதுதான்.

எங்கள் டாக்டர் புதிதாக ஒரு தாள் கொண்டுவந்திருக்கிறார். வயது, சர்க்கரை, ரத்தத்தில் புரதம், படிப்பு, வீட்டில் துணைக்கு ஆள் உண்டா என்று பதினான்கு கேள்விகள். பதில்களைக் கம்ப்யூட்டரில் போட்டால், இப்படிப்பட்டவர்களில் முதல் மூன்று மாதத்துக்குள் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்று வரும் என்று சொல்லும். அக்காவுக்கு ஒன்பது. கணவர் கூட இருப்பதால் இரண்டு குறைந்திருந்தது. ஒரு தாளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்ற குறுகுறுப்பில்தான், போக வேண்டிய தேதிக்கு முன்பே வீட்டைப் பார்க்கக் கிளம்பி வந்திருந்தேன்.

கணவர் எலக்ட்ரீஷியன். ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை அணைத்தார். முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் ஃபேன் மாட்டிக் குடுக்கறேன். சொந்த வீட்டுல தெனம் நாலு தடவ அணைக்கறேன் சிஸ்டர்."

"கொஞ்சம் வாய மூடுங்க," என்றபடி அக்கா குழாயின் மூடியைக் கழற்றினார்.

அவர் நெற்றியில் வியர்வை இறங்கியது. கணவர் மேசையிலிருந்து சட்டை வெட்டும் அளவட்டையை எடுத்து, பின்னால் நின்று, பதமாக விசிற ஆரம்பித்தார். ஜன்னல் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் நூல் தூசு எழும்பிச் சுற்றியது. சுற்றி, திறந்திருந்த குழாய்மேல் போனது.

"அண்ணே, கைய நிறுத்துங்க."

என் பையிலிருந்த புது இணைப்புக் குழாயை நானே மாற்றி, வேறு மருந்துநீர்ப் பை எடுத்து, கை கழுவுவதிலிருந்து மறுபடி தொடங்கினோம். பழைய நீர் இறங்க ஆரம்பித்த பிறகுதான் கேட்டேன்.

"எத்தன நாளா விசிறுறீங்க?"

"மொத நாள்லேர்ந்து. அவ வேர்த்துக் கொட்டறா, கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"அப்ப ஃபேன எதுக்கு அணைக்கறீங்க?"

"தண்ணி சமாச்சாரமாச்சே. கரண்டு பக்கத்துல வேணாம்னு சொன்னீங்கன்னு நெனச்சேன்."

அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அணைக்கச் சொன்னேன், ஏனென்று சொன்னேனா? யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. காற்றில் தூசு வரும் என்று இப்போது சொன்னேன். அவர் அட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நாப்பது தடவ விசிறியிருக்கேனே சிஸ்டர்."

இறங்கிய நீர் தெளிவா கலங்கலா என்று பார்க்க, பைக்கு அடியில் செய்தித்தாள் விரிப்பது வழக்கம். கலங்கியிருந்தால் தொற்று, எழுத்து தெரிந்தால் நல்லது. கணவர் அட்டையைத் தரையில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பை மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. முகக்கவசத்துக்குள்ளிருந்தே, கண்ணைச் சுருக்கி, அடியிலிருந்த பொடி எழுத்தை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார்.

"சத்தமா படிங்க," என்றார் அக்கா.