வலது கை

எஸ்.ஐ. துரைராஜ் தானே போய் டீ வாங்கிவந்து பொன்மணியிடம் நீட்டினார். அவருடைய இடது முழங்கையில் பேண்டேஜ் சுற்றியிருந்தது. சேட்டு அரிவாளால் வெட்டிய காயம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

"குடிம்மா. உள்ள கூப்ட நேரமாவும். தம்பிய அவன் எப்டி வெட்னான்னு மட்டும் சொல்லு. வேற எதனா கேட்டா தெரியாதுன்னுடு."

"வேற இன்னா சார் கேப்பாங்க?"

"எதுவும் கேக்க மாட்டாங்க." அப்படிச் சொன்னவர் அவள் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கெங்கம்மா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கோர்ட் வராந்தாவின் மறு கோடியில் சேட்டுவின் தாய் கோமளம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இவர்கள் வந்ததிலிருந்து அவள் முகத்தைத் திருப்பியவள்தான். போலீஸ் சுட்டுச் செத்த தன் மகனுக்காக நடக்கும் விசாரணைக்கு, அவனை வாழ்த்தவா வந்திருப்பார்கள் இவர்கள்?

தம்பி அறிவு செத்தது சாட்சி சொன்னதால். பட்டினப்பாக்கத்தில் மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு வெட்டு வழக்கில் சேட்டுவைக் கைகாட்டி, "இந்த ஆளுதான்" என்று கோர்ட்டில் சொன்னான். ஜாமீனில் வந்த சேட்டு மந்தைவெளியில் வண்டியை மறித்தான். லஸ்ஸில் ஜெராக்ஸ் கடை வேலை முடிந்து தம்பியோடு திரும்பிக்கொண்டிருந்த பொன்மணியும் அந்த வண்டியில்தான் இருந்தாள். எதிரே ஒரு பெரிய மனிதரின் பங்களா. வாசலில் துப்பாக்கியோடு காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சுடு சார், சுடு சார்" என்று கத்தினாள். இளவயசுப் பிள்ளை அவர். "ஆர்டர் இல்லாம சுடக் கூடாதும்மா" என்றார். விசில் மட்டும் ஊதினார். அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தத் துப்பாக்கி அன்றைக்கு வெடித்திருந்தால் பொன்மணி அதற்குப் பூ வைத்துக் கும்பிட்டிருப்பாள். துப்பாக்கி என்றாலே பாவம் என்று யாராவது பேசினால் அவளுக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கும்.

சேட்டுவைப் பிடித்ததும் அடையாளம் காட்ட ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது தோளிலிருந்து விரல்வரை மாவுக்கட்டு. "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாரு, பாவம்" என்றார் ஏட்டு. எல்லோரும் சிரித்தார்கள். பொன்மணியும்தான் சிரித்தாள். அவன் தண்ணீர் கேட்டான். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. குழந்தைக்குப் புகட்டுவதுபோல ஏட்டுதான் வாயில் ஊற்றினார். அதைப் பார்க்க அவளுக்கு மனசு குளிர்ந்தது.

மறுநாள் காலை டி.வி.யில் சொன்னார்கள். மறைத்துவைத்த ஆயுதத்தை எடுத்துக் கொடுக்க அடையாறு முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனார்களாம். புதரிலிருந்து அரிவாளை எடுத்து எஸ்.ஐ.யை வெட்டினானாம். தற்காப்புக்குச் சுட்டாராம். குப்பத்தில் சரம் வெடித்தார்கள். அறிவு படத்துக்குப் பக்கத்தில் துரைராஜ் படத்தையும் போட்டு பேனர் கட்டினார்கள். யாரோ பொன்மணி வாயில் லட்டைத் திணித்தார்கள். அதை மென்றுகொண்டே டி.வி.யைப் பார்த்தாள். மணலில் கிடந்த உடம்பைக் காட்டினார்கள். வலது கையில் கட்டு இல்லை. வெறும் கை. விரல்களுக்கு நடுவே அரிவாள்.

லட்டைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

இன்று ஆட்டோவில் வரும்போது அந்தக் கட்டைப் பற்றி அம்மாவிடம் சொல்லிப்பார்த்தாள். கெங்கம்மா சீறினாள். "சாட்சி சொல்லி ஒரு புள்ளைய வாரிக் குடுத்தது பத்தாதா? அந்தக் கழுதைக்கோசரம் நீ வாயத் தொறப்பியா?"

"அவனுக்கோசரம் இல்லமா."

"பின்ன எவனுக்கோசரம்?"

அதற்குள் ஆட்டோ கோர்ட் வாசலில் நின்றது.

துரைராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது. "அவன உசுரோட வுட்டிருந்தா கேஸு வருசக்கணக்குல இழுக்கும்மா. மறுபடி ஜாமீன்ல வருவான். அடுத்து உன்னத்தான் தேடுவான். நானும் பொம்பளப் புள்ளைங்கள பெத்தவன். மனசத் தொட்டுச் சொல்லு. நான் சுட்டது தப்பா?"

அவர் கெட்டவர் இல்லை. அறிவின் சாவுக்கு வந்து கடைசிவரை நின்ற ஒரே அதிகாரி அவர்.

"அன்னிக்கி மந்தவெளில சுட்டிருந்தா சரி சார்" என்றாள்.

"அப்ப இது?"

உள்ளேயிருந்து டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டான்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே அறிவைப் பற்றிக் கேட்டார். பொன்மணி சொன்னாள். டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டே வந்தார்.

"சேட்டுவக் கடைசியா எங்க பாத்தீங்க?"

மந்தைவெளி என்றால் முடிந்தது. இறங்கி வீட்டுக்குப் போகலாம். டைப்பிஸ்ட்டின் விரல்கள் அந்தரத்தில் காத்திருந்தன.

"ஸ்டேஷன்ல மேடம்."

"எப்படி இருந்தார்?"

"வலது கை முழுக்க மாவுக்கட்டு. தண்ணி டம்ளரக்கூட புடிக்க முடியல. ஏட்டுதான் ஊத்துனாரு. மறுநா டி.வி.ல அந்தக் கட்டு இல்ல."

டைப் அடிக்கும் சத்தம் வரவில்லை. மாஜிஸ்திரேட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "உங்க தம்பியக் கொன்னவரப் பத்திப் பேசறோம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் மேடம். அவன் செத்ததுல எனக்கு வருத்தம் இல்ல. அதயும் எழுதிக்கங்க. அன்னிக்கி நான் சுடச் சொல்லிக் கத்துனேன், யாரும் சுடல. அத எழுதணும்."

"அது இந்த விசாரணையில வராதும்மா."

"அதுக்கு எந்த விசாரணை மேடம்?"

மாஜிஸ்திரேட் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, "அவங்க சொன்னபடியே அடிங்க" என்றார்.

வெளியே வந்தபோது துரைராஜ் எழுந்து நின்றிருந்தார். "இன்னாம்மா சொன்ன?"

"பாத்தத சொன்னேன் சார். மாவுக்கட்டையும் சொன்னேன்."

அவர் முகம் வெளுத்தது. கத்துவார் என்று நினைத்தாள், கத்தவில்லை. "உன் தம்பிய வெட்னவன்மா அவன்."

"அதத்தான் மொதல்ல சொன்னேன்."

"நாளைக்கி அவன் ஆளுங்க வந்தா உனக்கு யாரு வருவா?"

மிரட்டலாக அது இல்லை. "நீங்கதான் சார் வரணும். எவனாவது அருவாள ஓங்கிக்கினு வந்தான்னா சுடுங்க. நானே வந்து உங்களுக்கோசரம் சொல்றேன்."

துரைராஜ் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கோமளம் அதே இடத்தில் முகத்தைத் திருப்பியபடி இருந்தாள். யார் என்ன சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பொன்மணியும் போய்ச் சொல்லவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் கெங்கம்மா சீட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். "நவுருமா" என்று மகள் சொன்ன பிறகும் வெகுநேரம் அசையவில்லை. பிறகு நகர்ந்தாள். தேனாம்பேட்டை சிக்னல், ஆழ்வார்பேட்டை எல்லாம் கடந்தது ஆட்டோ. மந்தைவெளி திரும்பும்போது முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"இனிமே கட வுட்டா தனியா நடந்து வராத. நான் வந்து இட்டுக்கினு வரேன்."