இருக்கிறதிலேயே மெதுவானது

விற்பனையாளர் அந்தச் சிவப்பு அடுப்பின் மூடியைத் திறந்த பதவிசைப் பார்த்தால், உள்ளே ஏதோ கைக்குழந்தை தூங்குகிறது என்று தோன்றும்.

"இதுதான் மேடம் இப்ப ஓடுற மாடல். மேலயும் ஹீட்டிங் காயில், கீழயும் காயில். நடுவுல வட்டமா இருக்கு பாருங்க, நிஜக் கல்லு. கல்லு மட்டும் நல்லாக் காய்ஞ்சுடுச்சுன்னா, பீட்சா உள்ள போன அஞ்சாவது நிமிஷம் வெளிய வந்துடும்."

"அஞ்சு நிமிஷமா?" துக்கச் செய்தி கேட்டவள் போலக் கேட்டாள் அவள்.

"அஞ்சே நிமிஷம்!"

"வேணாம். வேற காட்டுங்க."

அவர் அசரவில்லை. பக்கத்திலிருந்த எஃகு அடுப்புக்குத் தாவினார். முகப்பில் எண்கள் ஒளிர்ந்தன. விலையைப் பார்த்தால் நம் கண்ணும் ஒளிரும். "அப்ப இதைப் பாருங்க. மூணே நிமிஷம். கடையில குடுக்கிற மாதிரியே ஓரம் லேசாக் கருகி, நடுவுல பஞ்சு மாதிரி..."

"சார், உங்ககிட்ட இருக்கிறதிலேயே மெதுவா வேகுறது எது?"

விற்பனையாளரின் கை மூடியிலேயே நின்றது. "மெதுவாவா?"

"ஆமா. ஆற அமர வேகணும். விலையும் கம்மியா இருக்கணும்."

"விலை கம்மின்னா அது தானாவே மெதுவாத்தான்க்கா வேகும்," என்றான் பின்னால் நின்ற தம்பி. பிறகு விற்பனையாளர் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க சார். வீட்ல இவங்க பேரு வக்கீல். இவங்க கேட்டதைக் காட்டிட்டா நீங்க சீக்கிரம் தப்பிச்சுக்கலாம்" என்றான்.

"மேடம் வக்கீலா?"

"இல்ல. இன்சூரன்ஸ் கம்பெனி."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே கடையின் பின்மூலைக்கு நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள்.

அவள் அடுப்பு வாங்க வந்தது பீட்சாவுக்காக இல்லை. அம்மாவை உட்கார வைப்பதற்காக.

அம்மாவின் இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. நிற்காதீர்கள், காலைத் தூக்கி வைத்து உட்காருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவும் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்து, நேராக மேசை முன்னால் நின்று, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள். மகள் சம்பாதிக்கிறாள், லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வீடு எடுத்திருக்கிறாள். அந்த லிஃப்டிலேயே அம்மா வாடிக்கை பிடித்துவிட்டாள். ஒரே மாதத்தில் நாலு மாடிச் சட்டையும் இரண்டாம் மாடியிலிருந்த இவர்கள் வீட்டுக்கு வந்து விறைத்துக்கொண்டு போயின.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்து மேலே வந்ததே இந்த வேலை அம்மாவை விட்டுத் தொலையட்டும் என்றுதான். கால் நரம்புக்காகத்தான் கோபப்படுகிறேன் என்று அவள் சொல்லிக்கொள்வாள். பாதி அதுதான். மீதிப் பாதி, லிஃப்டில் அவளைப் பார்த்ததும் "அம்மாகிட்ட என் சட்டை ரெடியான்னு கேளுங்களேன்" என்கிறவர்களின் சிரிப்பு.

போன வாரம் பெட்டியைத் தூக்கி அலமாரிக்கு மேல் ஒளித்து வைத்தாள். அம்மா நாலாம் மாடிக்குப் போய் அவர்கள் வீட்டுப் பெட்டியையே இரவல் வாங்கி வந்து, அவர்கள் துணியையே தேய்த்துக் கொடுத்தாள். மறுநாள் துணியோடு வந்த நாலாம் மாடி அம்மாள் முகத்தில் அவள் கதவைச் சாத்தினாள்.

"உன் டிகிரியை நீ வெச்சுக்கோ. என் பெட்டியை என்கிட்ட குடு," என்றாள்.

பெட்டி மேசைக்குத் திரும்பியது, பேச்சு நின்றது. சாப்பிட்டாயா, கதவைச் சாத்து, இரண்டே வசனம்தான் ஒரு வாரமாக.

சண்டை போட்டு ஆகாது என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு அந்தப் பழைய வட்ட அடுப்பு ஞாபகம் வந்தது.

அப்போது அவர்கள் இருந்தது ஒற்றை அறை. அறையில் பாதி மேசை. அப்பா இறந்த பிறகு அந்த மேசைதான் சோறு போட்டது. காலையில் அவள் கண் விழிக்கும்போது அம்மா நின்றுகொண்டிருப்பாள். கண்ணை மூடும்போதும் நின்றுகொண்டிருப்பாள். அம்மாக்களுக்கு முழங்கால் மடங்காது என்றே சின்ன வயதில் நினைத்திருந்தாள்.

ஒருநாள் பெரிய வீட்டு அம்மாள் ஒருத்தி கூலியோடு ஒரு மின்சார அடுப்பையும் நீட்டினாள். அலுமினியத் தட்டு, காயில் பதித்த மூடி, மூடியின் நடுவில் எட்டிப் பார்க்கச் சின்னக் கண்ணாடி. பிடி உடைந்திருந்தது. "தூக்கிப் போடலாம்னு இருந்தேன். உனக்காவது ஆகட்டுமே." தூக்கிப் போடுகிற பொருளைக் கொடுத்துவிட்டு நன்றியையும் வாங்கிக்கொண்டு போகிற சாமர்த்தியம் அந்த மாதிரி வீடுகளுக்குத்தான் வரும். அம்மா நன்றி சொன்னாள். உடைந்த பிடியில் கிழிசல் சட்டையின் கையைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

முதல் பீட்சாவுக்கு மாவு பேக்கரியில் மிஞ்சியது. மேலே தக்காளி சாஸ், வெங்காயம், பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவுக்குச் சீஸ். அம்மா ஒரு கையால் அடுப்பைப் போட்டாள், மறு கையில் இஸ்திரிப் பெட்டி. டப். வீடு இருண்டது. மாடி வீடும் இருண்டது. மாடியில் குடியிருந்த எலக்ட்ரீஷியன் டார்ச்சோடு முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்து பியூஸைச் சரி செய்தார். "ரெண்டையும் சேர்த்துப் போடாதம்மா. லோடு தாங்காது."

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம். அடுப்பு எரிந்தால் பெட்டி அணையும். பெட்டி அணைந்தால் அம்மா உட்காருவாள்.

உட்காருவாள் என்றால், தேய்க்காத துணி மூட்டையின் மேலேயே சாய்ந்து, காலை நீட்டி. அந்த அடுப்பு ஒரு பீட்சாவுக்கு ஒரு சாயங்காலத்தையே எடுத்துக்கொள்ளும். அவளும் தம்பியும் முறை வைத்துக் கண்ணாடியில் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே காயில் செக்கச் செவேலென்று சுருண்டிருக்கும். சீஸ் வாசனையும் ஈரத்துணி சூடேறிய வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் அவளுக்கு வீட்டு வாசனை என்றால் அதுதான். அந்த நேரத்தில்தான் அம்மாவுக்கு வாய் திறக்கும். மூட்டையிலிருந்து ஒரு சட்டையை உருவி, ஆளையே முன்னால் நிறுத்துவாள்.

"இவரு இருக்காரே, பேங்க்காரரு. வலது முழங்கை மட்டும் தேஞ்சிருக்கு பாரு. நாளெல்லாம் கன்னத்துல கை வெச்சுட்டுத் தூங்குறாரு. இந்தச் சட்டைக்குக் கடைசிப் பொத்தான் மாட்டுறதே இல்ல, தொந்தி விடல. அவங்க வீட்டுக்காரம்மா என்னடான்னா, துணி சுருங்கிடுச்சுன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க."

தம்பி உருண்டு புரண்டு சிரிப்பான்.

நடுவில் யாராவது துணி கேட்டு வந்துவிடுவார்கள். அவள் எழுந்து போய் வாசற்படியில் இடுப்பில் கை வைத்து நிற்பாள். வயது ஒன்பது. "இப்ப தேய்க்க முடியாது. கரண்டு லோடு தாங்காது. வீடே எரிஞ்சு போச்சுன்னா நீங்களா கட்டித் தருவீங்க?" ஒரு தடவை சீருடை வேண்டுமென்று வந்த போலீஸ்காரரையே திருப்பி அனுப்பினாள். போகும்போது அவர், "வக்கீலுக்குப் படிக்க வையுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த ஒற்றை அறையில் இனிமையாக ஒன்றும் இல்லை. கூரை ஒழுகும், கக்கூஸுக்கு வரிசை. அதை நினைத்து உருகுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஆனால் அந்தத் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த அம்மாவை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. அவள் கல்லூரி விடுதியில் இருந்தபோது காயில் தீய்ந்து, அடுப்பு பழைய இரும்புக்குப் போயிற்று. போனதைக்கூட யாரோ போனில் போகிற போக்கில்தான் சொன்னார்கள்.

கடையின் பின்மூலையில், பெட்டி பிரித்து நாளான ஒரு கறுப்பு அடுப்பை விற்பனையாளர் துணியால் துடைத்தார். "இது சாதாப் பெட்டி அடுப்பு மேடம். பீட்சாக் கல்லு கூடவே வருது. அந்தக் கல்லு காயறதுக்கே நேரம் எடுக்கும். அதுக்கப்புறம் வேகுறதுக்குத் தனி நேரம். இதை ஏன் கேக்குறீங்கன்னு..."

அவள் அடுப்பின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். கீல் ஆடவில்லை. மேல் சூட்டுக்கும் கீழ்ச் சூட்டுக்கும் தனித்தனித் திருகு. முழு பீட்சா மடங்காமல் உள்ளே போகும். கதவுக் கண்ணாடி பெரிது, உள்ளே விளக்கும் உண்டு. விலை மூன்று நிமிஷக்காரனில் கால்வாசி.

"சர்வீஸ்?"

"இதே தெருவுலதான். அதோட மேடம், இது இழுக்கிற கரண்டும் கம்மி. பக்கத்துலயே அயர்ன் பாக்ஸ் போட்டாக்கூட ஒண்ணும் ஆகாது."

"அதை எங்க அம்மா காதுல மட்டும் போட்டுடாதீங்க," என்றாள்.

சாயங்காலம் அடுப்பு சமையல் மேடையில் ஏறியது. கூடத்து மேசை முன்னால் நின்றபடியே அம்மா எட்டிப் பார்த்தாள். கையில் யாருடையதோ நீலச் சட்டை.

"எதுக்கு இது? வீட்ல இருக்கிற சாமான் பத்தலையா?" ஒரு வாரத்தில் அதுதான் மூன்றாவது வசனம்.

"பீட்சா திங்கணும் போல இருந்துச்சு."

அவள் மாவைத் தட்டினாள், சாஸ் தடவினாள். இந்தத் தடவை சீஸ் கண்ணுக்குத் தெரிந்தது. கல்லைக் காயப்போட்டாள். பிறகு கூடத்துக்கு வந்து, எதையோ சாதாரணமாகச் சொல்கிற குரலில், "அம்மா, அடுப்பு போட்டாச்சு. பெட்டியைப் பிடுங்கு" என்றாள்.

"ஏன்?"

"லோடு தாங்காது."

தம்பி இருமுவது போல் வாயைப் பொத்தினான். அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மகளைப் பார்த்தாள். மேடையில் எரிகிற அடுப்பைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு குலுங்கிய சிரிப்பு.

"இந்த வீட்லயா? ஏசி ஓடுது, ஃபிரிட்ஜ் ஓடுது, உன் தம்பி எந்நேரமும் போனைச் சொருகி வெச்சிருக்கான். அடிப்போடி. அந்த வீட்லயே தாங்குச்சு."

"என்னது?"

"அந்த மாடி எலக்ட்ரீஷியன் அடுத்த வாரமே வந்து தனி ஒயர் இழுத்துக் குடுத்துட்டாரு. இனிமே ரெண்டையும் தாராளமாப் போட்டுக்கோம்மான்னாரு. நீங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போயிருந்தீங்க."

வக்கீல் பழைய வழக்குகளையெல்லாம் மனசுக்குள் திரும்பப் பிரித்தாள்.

"அப்போ நான் வாசல்ல நின்னு அத்தனை பேர்கிட்ட... அந்தப் போலீஸ்காரர்கிட்ட..."

"நீ சொன்னா நம்புவாங்கடி. ஏன்னா நீ நம்பினே. நான் சொல்லியிருந்தா என் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்."

"என்கிட்டயே பொய் சொல்லியிருக்க!"

"உக்காரணும்னு இருந்துச்சு," என்றாள் அம்மா, சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே. "கால் வலிக்குதுன்னு சொன்னா வேற ஆளைப் பாத்துட்டுப் போயிடுவாங்க. கரண்டு தாங்கலன்னா காத்திருப்பாங்க. ஒயருக்குத் தாங்காமப் போகலாம்டி. மனுசிக்குத்தான் தாங்காமப் போகக் கூடாது."

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மா மேல் வைத்தால் நிற்கவில்லை, நழுவி விழுந்தது. "எனக்கு அந்தப் பீட்சா பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா?" என்று கத்தினாள். "ஓரமெல்லாம் செருப்பு மாதிரி இருக்கும். நீ உக்காருவியேன்னுதான் வேணும் வேணும்னு அழுவேன்."

"எனக்குத் தெரியாதா? ஓரத்தையெல்லாம் பிச்சுத் தம்பி தட்டுல தள்ளுவியே."

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ அதை நிஜமாவே ஆசைப்பட்டுத் தின்னவன் நான் ஒருத்தன்தானா?"

அம்மாவுக்கு மறுபடி சிரிப்பு பொங்கியது. இந்த முறை மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் சிரித்துவிட்டாள், கோபம் போகாமலேயே.

அழைப்பு மணி அடித்தது.

மூவரும் கதவைப் பார்த்தார்கள். அந்த நேரத்துக்கு வருவது நாலாம் மாடிதான். போன வாரம் அவள் அவர்கள் முகத்தில் கதவைச் சாத்தப் போய்த்தான் சண்டையே முற்றியது. இன்றைக்கு அவள் அசையவில்லை. அம்மா நீலச் சட்டையை மடித்து வைத்தாள். சுவர்ப் பக்கம் குனிந்து, இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். கூடத்து மூலையில் கிடந்த துணி மூட்டையைக் காலால் நகர்த்தி, அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி நாற்காலியில் வைத்தாள்.

"போய்ச் சொல்லு வக்கீலு."

"என்னன்னு?"

"உனக்குத் தெரியாததா."

அவள் கதவைத் திறந்தாள். நாலாம் மாடி அம்மாள் பை நிறையச் சட்டையோடு நின்றாள். "அம்மா இருக்காங்களா? நாளைக்குக் காலையிலேயே வேணும்..."

"இப்ப முடியாதுங்க. கரண்டு லோடு தாங்கல."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். நடைபாதையில் வரிசையாக எல்லா விளக்கும் எரிந்தன. லிஃப்ட் இறங்குகிற சத்தம் கேட்டது. "இங்கெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

இடுப்பில் கை தானாகவே போய் உட்கார்ந்தது. "எங்க வீட்ல மட்டும்தான்," என்றாள். "நாளைக்கு அம்மாவே சொல்லி அனுப்புவாங்க. அப்ப வாங்க."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, அம்மா மூட்டையிலிருந்து ஒரு சட்டையை உருவித் தம்பியிடம் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "அந்தம்மா வீட்டுக்காரரோடதுதான். சட்டைப் பையைப் பாரு. சாக்லேட் சாக்லேட்டா உருகிக் கிடக்கு. சர்க்கரை வியாதியாம், வீட்ல இனிப்பே குடுக்கிறதில்லையாம்."

தம்பி உருண்டான்.

"என்னடி, வெந்துடுச்சா?" என்றாள் அம்மா, தலையைத் திருப்பாமல்.

அவள் போய்க் கண்ணாடி வழியே பார்த்தாள். உள்ளே காயில் இப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது. பீட்சா இன்னும் மேடையில் பச்சையாகவே காத்துக் கிடந்தது.

"இன்னும் கல்லே காயலம்மா," என்று சொல்லிவிட்டு, மூட்டையின் மிச்ச ஓரத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.