நழுவாத மேசைவிரிப்பு

நாத்தனார் வருகிறாள் என்றாலே தையல்காரிக்கு எரிச்சல் மண்டையில் ஏறும். வழவழப்பான சாப்பாட்டு மேசையில் நாத்தனார் கொடுத்த விரிப்பு ஒருநாளும் நிலையாக நின்றதில்லை. போன தடவை அது நழுவி, சூப் கிண்ணமே கவிழ்ந்தது. "தைக்கிறவ வீட்டுல ஒரு துணி ஒழுங்கா நிக்கல" என்று நாத்தனார் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

இந்த முறை தையல்காரி விரிப்புக்கு அடியில் ரப்பர் வலையைப் போட்டாள். நான்கு மூலையிலும் எலாஸ்டிக் பட்டை தைத்து, மேசைக் கால்களில் மாட்டினாள்.

நாத்தனார் வந்ததும் வராததுமாக விரிப்பைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. குனிந்து பார்த்தாள்.

"நான் குடுத்த துணியில யாரைக் கேட்டு ஊசி குத்தின?"

தையல்காரியின் கணவன், நாத்தனாரின் தம்பி, தட்டைப் பார்த்தான். தையல்காரி கத்தரிக்கோலை எடுத்து, நான்கு பட்டைகளையும் வெட்டினாள். விரிப்பை மடித்து நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க அண்ணி, உங்க துணி. எலாஸ்டிக் என்னோடது."

பிறகு வெறும் மேசையில் சாப்பாடு பரிமாறினாள். அக்காவுக்கும் தம்பிக்கும் அன்று சோறு இறங்கவில்லை. தையல்காரி மட்டும் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள்.